‘எஃப். மெண்டல்சன்’ யார்?

1970-இல் பாரிஸில் ஓர் இசைக் கையெழுத்துப்படி கிடைத்தது. பியானோவுக்கான சொனாட்டா, நான்கு பகுதிகள். ‘எஃப். மெண்டல்சன்’ என்று பெயர் இருந்தது. ஃபெலிக்ஸ் மெண்டல்சன் என்று முடிவு கட்டி, அவர் பெயரிலேயே இசைத்தட்டும் கொண்டுவந்தார்கள். மூன்று வயது மூத்த அக்கா ஃபானிக்கும் அதே முதலெழுத்துதான். தான் எழுதிய ‘ஈஸ்டர் சொனாட்டா’ பற்றி 1829-இல் அவர் குறிப்பிட்டும் இருக்கிறார். அந்தப் படைப்பு தொலைந்துபோனதாகக் கருதப்பட்டது. தம்பியின் பெயருக்குள் தேட யாருக்கும் தோன்றவில்லை.

2010-இல் ஏஞ்சலா மேஸ் என்ற இளம் ஆய்வாளர் அந்தப் படியை நேரில் பார்த்தார். கையெழுத்து ஃபானியுடையது. பக்க எண்களோ, ஃபானியின் வேறொரு கையெழுத்துத் தொகுதியில் விடுபட்டிருந்த எண்கள். ஏட்டுச்சுவடிகளோடு கொஞ்ச காலம் புழங்கியவள் என்பதால் இந்த இடத்தில் எனக்குப் புல்லரித்தது. ஏட்டின் எண்ணைச் சரிபார்ப்பது எங்கள் துறையில் அரிச்சுவடிப் பாடம். அந்த எளிய வேலைக்கு நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இதைக் ‘கண்டுபிடிப்பு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படி எங்கும் ஒளிந்திருக்கவில்லை.

ஃபானியை வாய்ப்பு மறுக்கப்பட்டவர் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அப்பா வங்கியாளர். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே ஆசிரியர்கள். பதின்மூன்று வயதில் பாக்கின் இருபத்து நான்கு முன்னிசைகளை ஏடு பார்க்காமல் வாசித்தவர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அப்பாவிடமிருந்து கடிதம் வருகிறது: இசை தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அது ஓர் அணிகலன் மட்டுமே. நகை போட்டுக்கொள்ளத் தடையில்லை, கடைத்தெருவில் வைக்கத்தான் கூடாது. நம் வீடுகளில் பாட்டுக் கற்ற எத்தனை பெண்களுக்குப் பெண் பார்க்கும் நாளோடு கச்சேரி முடிந்திருக்கிறது!

எனவே அவர் பெர்லின் வீட்டில் ஞாயிறுதோறும் இசையரங்கு நடத்தினார். நானூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். அவருடைய ஆறு பாடல்கள் தம்பியின் தொகுப்புகளில் தம்பியின் பெயரில் அச்சாயின. 1842-இல் விக்டோரியா அரசி அவற்றில் ஒன்றைப் பாட, அது அக்காவுடையது என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவரைக் கொடியவராக வரைவது சுலபம்; நான் அப்படி நினைக்கவில்லை. அக்காவின் இசையை அவர் அளவுக்கு மதித்தவர்கள் குறைவு. ஆனாலும் வெளியிடச் சொல்லி ஊக்குவிக்க மறுத்தார், அவளுக்குக் குடும்பம் இருக்கிறது என்றார். மதிப்பவர்கள் போடும் தடையை மீறுவதுதான் கடினம்.

1846-இல் தன் முதல் தொகுப்பைத் தானே வெளியிட ஃபானி முடிவெடுத்தார். பதினான்கு வயதில் அப்பாவிடம் இருந்த பயம் நாற்பதில் சகோதரர்களிடம் இருக்கிறது என்று அப்போது ஃபெலிக்ஸுக்கு எழுதினார். என் வயதுப் பெண்ணின் கடிதம் அது. படித்துவிட்டு அன்று வேறெதுவும் படிக்க முடியவில்லை. அட்டையில் கணவரின் குடும்பப் பெயரும் பிறந்த வீட்டுப் பெயருமாக இரண்டும் இருந்தன. மறு ஆண்டு மே 14 அன்று, ஞாயிறு அரங்குக்கான ஒத்திகையில் பக்கவாதம் தாக்கி இறந்தார்.

1841-இல் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பியானோ படைப்புகள் கொண்ட ‘ஆண்டு’ என்ற தொகுதியை எழுதியிருந்தார். ஓவியரான கணவர் ஒவ்வொன்றுக்கும் சிறு சித்திரம் வரைந்தார். அது அச்சேறியது 1989-இல்.

ஈஸ்டர் சொனாட்டா 2017 மார்ச் 8 அன்று லண்டனிலிருந்து வானொலியில் ஃபானியின் பெயரோடு ஒலித்தது. சோஃபியா குல்யாக் வாசித்தார். கேட்க உட்காரும் மாணவிகளிடம் கடைசிப் பகுதிவரை பொறுத்திருக்கச் சொல்வேன். அதன் தலைப்பில் ‘பேரிரைச்சலோடு’ என்று வாசிப்பவருக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார் ஃபானி.