பாலையில் தொடங்கும் தீவு

பயணம் போய் வந்தவர்கள் எழுதுவதில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. பார்த்தது என்ன என்பது போய், பார்க்கக் கிடைப்பவை எவை என்ற பட்டியல்தான் பெரும்பாலும் அச்சாகிறது. ரியூனியன் தீவு இந்தப் பட்டியலுக்கென்றே அமைந்த இடம். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்து மகா சமுத்திரத்தில் 2,512 சதுர கிலோமீட்டர். 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். வெயில் காயும் பவளப்பாறைக் கடற்கரை, கரும்புத் தோட்டம், மூடுபனிக் காடு, புல் முளைக்காத எரிமலை வெளி எல்லாவற்றையும் ஒரே நாளில் காரில் சுற்றிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடலாம். சுற்றுலாக்காரர்கள் விற்பது இந்தச் சௌகரியத்தைத்தான்.

நான் அமிர்திக்காரன். வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை இறங்கி முடிகிற இடம். அந்தப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். பாறை என்றால் என் மனசில் எல்லாம் நடந்து முடிந்த ஒரு வஸ்து. மழையும் வெயிலும் அதைத் தேய்க்கலாம், அவ்வளவுதான். தீவின் பாறை அப்படியில்லை. கடலுக்கு மேலே அது தலை நீட்டி இருபது முப்பது லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அங்கே இரண்டு எரிமலைகள். மூத்தது, 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தே நேஜ், அடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயிற்று. இளையது பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி சீறும் எரிமலைகளில் ஒன்று. ஃபூர்னேஸ் என்றால் உலை. நம் தக்காணத்துக் கரும்பாறைகளும் சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இதே உலையிலிருந்து வந்தவைதாம் என்பது புவியியலாளர் பலரும் ஏற்கும் கருத்து. இந்திய நிலம் அந்த நெருப்பின் மேல் நகர்ந்து வடக்கே வந்துவிட்டது. நெருப்பு அங்கேயே இருக்கிறது.

இத்தனை நிலங்களை அடுத்தடுத்துப் பார்க்கிற தமிழனுக்கு ஐந்திணை ஞாபகம் வராமல் போகாது. மலை, காடு, வயல், கடல் என்று நான்கும் அங்கே வரிசையாகவே இருக்கின்றன. சலாசி என்ற மலைக் கிண்ணத்தில் பந்தல் பந்தலாகச் சௌசௌ காய்க்கிறது. பெயரும் ஏறக்குறைய அதேதான், சூசூ. மஃபாத் என்ற இன்னொரு கிண்ணத்துக்கு இன்றும் சாலை கிடையாது. நடந்துதான் இறங்க வேண்டும். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. மழையின் கணக்கோ நமக்கு நம்ப முடியாதது. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது மலை மேல் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. வேலூரில் ஓராண்டு முழுவதும் பெய்வது சுமார் ஆயிரம்.

ஆனால் திணைகளின் வரிசை அங்கே தலைகீழாக இருக்கிறது. பாலைக்கென்று தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தில் நிலை கெட்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் நமக்குச் சொல்லிவைத்த செய்தி. நம் மரபில் பாலை ஒரு முடிவு, ஒரு சீரழிவு. தீவில் பாலைதான் ஆரம்பம்.

கிழக்குக் கரையில் எரிமலையின் சரிவைக் கடலோரமாகக் கடக்கும் சாலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு குழம்பும் இறங்கிய இடத்தில் ஆண்டை எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். 2007 ஏப்ரலில் இறங்கியது சாலையை விழுங்கிக் கடலுக்குள் போய்ப் புது நிலத்தையே உண்டாக்கியது. மேலே எரிமலையின் வாய் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. அந்தக் கருங்குழம்பின் மேல் சாம்பல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தூசி என்று பட்டது. குனிந்து பார்த்தால் கற்பாசி. அதன் வெடிப்புகளில் பெரணி. 1977இல் இறங்கியது ஒரு தேவாலயத்தைச் சுற்றி வளைத்து வாசலோடு நின்றது. அந்தக் குழம்பில் இப்போது செடிகொடிகள் தழைத்துவிட்டன. அதற்கும் பழைய குழம்புகளில் காடு. பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் பாலை குறிஞ்சியாவதை ஒரு மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம்.

பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. அதுவும் அங்கே இருக்கிறது, நிலத்தில் அல்ல, ஆட்களிடத்தில். 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றினார்கள். 1860, 1861 ஆண்டுகளின் ஒப்பந்தங்களுக்குப் பின் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலிருந்தும் ஆட்கள் போனார்கள்; அங்கே அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு 1882இல் அது நிறுத்தப்பட்டது. ஐந்து வருஷ ஒப்பந்தம். பலர் திரும்பவில்லை. இறங்கியதும் லா கிரான் ஷலூப் என்ற இடத்தில் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்தார்கள்; அந்தக் கட்டடம் இருக்கிறது. அவர்கள் வழி வந்தவர்களுக்கு அங்கே 'மலபார்' என்று பெயர். தமிழ் போய்விட்டது, பேசுவது கிரியோல். ராமசாமியும் முத்துசாமியும் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்களாகிவிட்டார்கள். திரௌபதி அம்மன் பாந்தியாலே ஆகிவிட்டாள்; ஆனால் அவளுக்குத் தீ மிதிப்பது நிற்கவில்லை. நம் வட ஆர்க்காட்டு ஊர்களில் மிதிக்கிற அதே தீ.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஒருவர். ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். ஒருநாள் ஒரு நகல் தாளைக் காட்டினார். தீவுக்கு வந்த மூதாதையின் பதிவு: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர். ஊர்ப்பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருத்தெரியாமல் போயிருந்தது. ஆர்க்காடு என்பது மட்டும் விளங்கியது. ஆற்றங்கரை என்று பாட்டி சொல்வாளாம். பாலாறாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். இப்போது அங்கே என்ன விளைகிறது என்று கேட்டார்.

சொன்னேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஆற்றோரம் நெடுகத் தோல் பதனிடுகிறார்கள். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டார்கள். எங்கள் மலையிலிருந்தும் கடுக்காய் இறங்கியது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு குரோமியம் பரவியது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் அரைகுறையாகவோ முழுசாகவோ பாழானதாக 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஓர் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு மலைபோல் கிடந்தது. தோல் வேலையில்தான் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் பொய்யாகிவிடும்.

அவர் பதறவில்லை, அனுதாபமும் காட்டவில்லை. சிறிது யோசித்துவிட்டு, "எத்தனை வருஷத்தில் திரும்ப முளைக்கும்?" என்று கேட்டார்.

குழம்பு இறங்கும் ஊரில் அது சாதாரண விசாரிப்பு. 2007க்கு ஒரு பதில், 1977க்கு ஒரு பதில் அங்கே சாலையோரத்திலேயே இருக்கிறது. நம்மூரில் நஷ்ட ஈடு எவ்வளவு, எந்த ஆலையை மூடுவது, எதைத் திறப்பது என்றெல்லாம் கேட்கிறோம். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் காதால் கேட்டதில்லை. அவருடைய தாளை மடித்துக் கையில் கொடுத்தேன். பதில் சொல்ல எனக்குக் கற்பாசி அளவுக்குக்கூட ஒரு அத்தாட்சி இல்லை.