ஆணியில் தொங்கும் சாவி

லண்டனில் இரவு பத்தே முக்கால். ஓலைத்தொடுவாயில் விடியப்புறம் நாலே கால். அந்த நேரத்தில் ஊரிலிருந்து வட்ஸ்அப் அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். நெஞ்சு படபடக்க எடுத்தேன். அண்ணனின் மகள்.

"மாமி, படுத்திட்டீங்களோ? சலம் போக எழும்பினனான். இது மூண்டாம் தரம். இனி நித்திரை வராது, அதுதான் எடுத்தனான்."

அவள் மன்னார்த் தீவுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர். வயிற்றில் பிள்ளை, பத்து வாரம். வீட்டுக்கு வெளியே இன்னும் யாருக்கும் தெரியாது. வாந்தியை எப்படியோ சமாளித்துவிடுகிறாளாம். சமாளிக்க முடியாதது இதுதான். முப்பத்தைந்து பிள்ளைகளை விட்டுவிட்டுப் பாடத்துக்கு நடுவில் எப்படி ஓடுவது? அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "காலமை தேத்தண்ணியும் குடிக்கிறேல்ல, தண்ணியும் குடிக்கிறேல்ல. ரெண்டு மணிக்கு வீட்ட வந்துதான் வாயில வைக்கிறனான்."

எனக்கு நித்திரை முறிந்துபோனது. இதே கெட்டித்தனத்தை நானும் செய்தவள்.

இங்கே வருவதற்கு முன் மன்னாரில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஆசிரியைகளுக்கென்று ஒரு கக்கூசு இருந்தது; அதைக் குறை சொல்லமாட்டேன். பூட்டித்தான் வைத்திருப்பார்கள், பிள்ளைகள் போய் அசுத்தப்படுத்திவிடுவார்களாம். சாவி அதிபரின் கதிரைக்குப் பின்சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். ஒரு பனங்கொட்டைத் துண்டைத் துளைத்து அதில் கட்டியிருப்பார்கள், தொலையாமல் இருக்க. ஆக, ஒவ்வொரு முறையும் அதிபரின் அறைக்குள் போய், அங்கே இருக்கிற பெற்றோர், கல்வி அலுவலகத்து ஆட்கள் எல்லாருக்கும் முன்னால் கையை நீட்டி அந்தப் பனங்கொட்டையை எடுக்கவேண்டும். பிறகு மைதானத்தைக் கடந்து நடக்கவேண்டும், கையில் கொட்டை ஆட ஆட. எங்கே போகிறேன் என்பது பத்தாம் ஆண்டுப் பொடியன்கள் வரைக்கும் தெரியும். ஆண் ஆசிரியர்களுக்குச் சாவி தேவைப்படவில்லை. அவர்களுக்குப் பின்பக்கத்துப் பனங்கூடல் இருந்தது.

போனால் மட்டும் போதுமா? சேலை. கொசுவத்தை அள்ளி இடுப்பில் செருகி, தலைப்பைக் கழுத்தில் சுற்றி, ஈரத் தரையில் வழுக்காமல் குந்தி எழும்பவேண்டும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் கதவு தானாகத் திறக்கும். ஒரு கை கதவுக்கு. வெளியே வந்து வாளித் தண்ணீரில் கழுவி, ஊசிகளைச் சரிபார்த்துத் திரும்ப ஏழு எட்டு நிமிடம். பாடவேளையே நாற்பது நிமிடம்தான். தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவோ சுகம் என்று மூளை சொல்லும்.

உடம்பு அப்படிச் சொல்வதில்லை. பிள்ளை தங்கிய சில வாரத்திலேயே தாயின் இரத்தத்தின் அளவு கூடத் தொடங்கிவிடும். முடிவில் பாதி அளவுக்குக் கூடிவிடும். சிறுநீரகம் வடிகட்டுகிற வேகமும் ஏறக்குறையப் பாதிக்குக் கூடும். வளரும் கருப்பை வேறு சலப்பையின் மேல் அமர்ந்திருக்கும். நடு மாதங்களில் கருப்பை வயிற்றுக்கு மேலே ஏறுவதால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். கடைசியில் பிள்ளையின் தலை இறங்கும்போது பழையபடி ஓட்டம். தண்ணீரைக் குறைத்தால் இந்த ஓட்டம் நிற்காது. சலம் மஞ்சளாகக் கடுத்து, எரிச்சல் கூடி, இன்னும் அடிக்கடி வரப்பார்க்கும். மலச்சிக்கல் சேரும்.

இதற்குள்ளே ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. கர்ப்பகாலத்து ஹோர்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடும். சலம் தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். நூறு கர்ப்பிணிகளில் இரண்டிலிருந்து பத்துப் பேருக்கு எரிவு, வலி எதுவும் இல்லாமலே சலத்தில் கிருமி இருக்கும் என்கிறது மருத்துவம். கவனிக்காவிட்டால் அது சிறுநீரகம் வரை ஏறும், குறைமாதப் பிரசவத்துக்கும் இழுத்துப்போகும். கிளினிக்கில் சலத்தைப் போத்தலில் கேட்பது சும்மா இல்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு ஏற்பாட்டின் வழியில் இன்றைக்கும் மிட்வைவ் அக்கா ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறாள். மற்ற எதையும் மறைத்தாலும் அவளிடம் சலக் கரைச்சலை மறைக்கக்கூடாது.

"மாமி, அங்க லண்டனில இந்தக் கரைச்சல் இல்லைத்தானே?"

இந்தக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே சட்டம் இருக்கிறது. 1992ஆம் ஆண்டு விதிகளின்படி வேலைத்தலத்தில் போதிய கழிவறைகள் இருக்கவேண்டும், கர்ப்பிணிகள் ஓய்வெடுக்க இடமும் இருக்கவேண்டும். 1999ஆம் ஆண்டு விதிகளின்படி கர்ப்பிணிக்கு அந்த வேலையில் என்னென்ன ஆபத்து என்று முதலாளி எழுதிப் பார்க்கவேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடிதம் கொடுத்தேன். படிவம் வந்தது. 'அடிக்கடி கழிவறைக்குச் செல்ல வேண்டியிருக்கும்' என்ற வரிக்கு எதிரே 'ஆம், அனுமதிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்கள். நல்லது. நான் போகிற ஐந்து நிமிடம் வகுப்பில் யார் நிற்பார்கள் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பது பேரைத் தனியே விட்டுப்போய் ஒருவன் கொம்பாசால் மற்றவனைக் குத்தினால் பதில் சொல்லவேண்டியவள் நான். அனுமதி காகிதத்தில் இருந்தது. நான் கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

கந்தோரில் இருப்பவள் எழுந்துபோகலாம். ரீச்சரால் முடியாது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையற்காரப் பெண் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கியதும் இதே மாதிரி ஒரு சங்கடத்தால்தான். மிட்டாய்த் தெருக் கடைகளில் நாள்முழுக்க நிற்கிற பெண்களுக்குப் போக ஒரு கழிவறை இல்லை. அவர்களும் தண்ணீர் குடிக்காமல்தான் நாளைக் கடத்தினார்கள். அங்கே தொடங்கிய சண்டை, உட்காரும் உரிமைக்கும் நீண்டு, 2018இல் கேரளத்துச் சட்டத்தையே திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைப் பணியாளருக்கு இருக்கை கொடுக்கச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் 2023இல் நடைமுறைக்கு வந்த கர்ப்பிணித் தொழிலாளர் சட்டத்தின் விதிகள், தண்ணீர் அருகில் வைத்திருப்பதையும் கூடுதல் தடவை கழிவறைக்குப் போவதையும் அநேகமாகத் தட்டிக்கழிக்க முடியாத சின்ன உதவிகளாகப் பெயர் சொல்லியே எழுதியிருக்கின்றன. நம் ஊரில் பிரசவ விடுமுறை எல்லாருக்கும் மனப்பாடம்: அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். நாற்பது நிமிடத்துக்குள் வருகிற ஐந்து நிமிடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மருமகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். முதல் வேலை, தண்ணீர்ப் போத்தல் மேசையில் இருக்கவேண்டும். மடமடவென்று குடிக்காமல் மிடறு மிடறாக, காலை முழுக்க. மணி அடித்தவுடன் வந்தாலும் வராவிட்டாலும் போ. போனால் அவசரப்படாதே, முடிந்தபின் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து மறுபடி முயன்றுவிட்டு எழும்பு. எரிவு, காய்ச்சல், முதுகின் பக்கவாட்டில் வலி, சலத்தில் இரத்தம், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாகமும் அடங்காமல் இருந்தால் சீனி சோதிக்கச் சொல்லு. பின்னைய மாதங்களில் அடக்கமுடியாமல் தண்ணீர் மாதிரி வடிந்தால் அதைச் சலம் என்று நினைத்து இருந்துவிடாதே, பன்னீர்க்குடமாக இருக்கலாம்.

பிறகு வெண்கட்டிப் பெட்டிக் கதையையும் சொன்னேன். மன்னாரில் எனக்குப் பக்கத்து வகுப்பில் ஒரு மூத்த ரீச்சர், நாலு பிள்ளை பெற்றவ. என்னைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டா. "வகுப்புத் தலைவியிட்டக் குடுத்து வெறும் வெண்கட்டிப் பெட்டியை அனுப்பு பிள்ளை. நான் வந்து நிப்பன்" என்றா. இரண்டு வகுப்புக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கண் தெரிகிற தூணோடு சாய்ந்து நிற்பா. ஒரு கேள்வி இல்லை. லண்டனில் பிற்பாடு நான் வேண்டிச் சண்டைபிடித்து வாங்கியதும் அந்தத் தூணைத்தான்: ஒரு பச்சை அட்டை, அதைக் கண்டதும் வந்து நிற்க ஓர் உதவி ஆசிரியை.

"அப்ப நான் பக்கத்து வகுப்பு ரீச்சருக்குச் சொல்லவேணுமே மாமி? மூண்டு மாதம் முடியாமல் வெளியில சொல்லக்கூடாது எண்டு அம்மா..."

கண்ணூறு படும் என்பார்கள். எனக்கும் என் அம்மா அப்படித்தான் சொன்னா. கண்ணூறை நான் பழிக்கவில்லை. முதல் மாதங்களில் கலைந்துபோனால் ஊருக்கே பதில் சொல்லவேண்டியிருக்கும் என்கிற பயம் அதற்குள் இருக்கிறது. ஆனால் ஓட்டம் கூடத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான். இங்கத்தைய சட்டம்கூட எழுத்தில் அறிவித்த பிறகுதான் கண் திறக்கிறது. ஒருத்திக்காவது சொல்லு, பக்கத்து வகுப்புக்காரிக்குச் சொல்லு என்றேன்.

சொல்லியிருக்கிறாள். அந்த ரீச்சர் சிரித்தாவாம்.

அடுத்த தவணைக்கு நேரசூசி போடுகிற அதிபர் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். பிள்ளைத்தாச்சி ரீச்சருக்குக் கீழ்மாடியில், கழிவறைக்குக் கிட்ட வகுப்புக் கொடுங்கள். இரண்டு பாடவேளைக்கு மேல் தொடர்ந்து போடாதீர்கள். பக்கத்து வகுப்பில் யார் நிற்பார் என்று பெயரை எழுதிவிடுங்கள். அந்தச் சாவியை உங்கள் கதிரைக்குப் பின்னால் இருந்து கழற்றி ஆசிரியைகளின் அறைக்குள் தொங்கவிடுங்கள்; ஓர் ஆணி போதும்.