வழி சொல்லும் பெட்டி

'வாயுள்ள பிள்ளை பிழைத்துக் கொள்ளும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊர் தெரியாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே, கேட்டுக் கொண்டே போய்விடலாம் என்பது அதன் கருத்து. நம் கம்பம் பள்ளத்தாக்கில் வழி சொல்லுவோருக்குப் பஞ்சமே இல்லை. தேநீர்க் கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஒருவரிடம் கேட்டால் நான்கு பேர் எழுந்து வந்து பதில் சொல்லுவார்கள். ஆனால், பகலில் ஓர் ஆண் வழி கேட்பதும், இருட்டிய பிறகு ஒரு பெண் வண்டியை நிறுத்தி வழி கேட்பதும் ஒன்றாகுமா? இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது எங்கள் காரில் இருக்கும் ஒரு சிறு பெட்டி. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அது உள்ளங்கை அகலமே உள்ள ஒரு கருவி. காரின் முன்கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக் கொள்ளும். போகவேண்டிய ஊரின் பெயரை அதன் முகத்தில் எழுத்து எழுத்தாகத் தொட்டுக் கொடுத்தால், சாலையை ஊதாக் கோடாகக் காட்டும். திருப்பம் வரும்போது ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அறிவிக்கும். என் தந்தை உத்தமபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டிக் கொண்டிருந்த காலத்தில், 2012-ஆம் ஆண்டில், வாகமண், ஆலப்புழை என்று கேரளத்துக்குச் சவாரி போவதற்காக வாங்கியது. பிறகு அவர் குவைத்துக்கு ஓட்டுநர் வேலைக்குச் சென்றுவிட்டார். காரும் பெட்டியும் வீட்டில் தங்கின. கார் வாசலில் நின்றது. பெட்டி அப்பாவின் பழைய கைக்குட்டையில் சுற்றப்பட்டுப் பீரோவுக்குள் உறங்கியது.

அதை எழுப்பவேண்டிய நாள் சென்ற கோடை விடுமுறையில் வந்தது. அப்பாவைப் பெற்ற என் அப்பத்தாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை தரவேண்டும், வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து வாரம் என்று டாக்டர்கள் கூறிவிட்டனர். மதுரையில் உறவினர் வீட்டில் தங்கிக் கொள்ளலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் போய் வெள்ளிக்கிழமை திரும்பவேண்டும். அதாவது பத்துப் பயணம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நெரிசலான பேருந்தில் அப்பத்தாவால் மூன்று மணி நேரம் உட்கார முடியாது. பத்து முறை வாடகைக் கார் வைக்க எங்களால் இயலாது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் கோவிலுக்கும் சின்னமனூர்ச் சந்தைக்கும் ஓட்டியிருக்கிறாரே தவிர, தேனியைத் தாண்டியதே இல்லை. 

"அந்தப் பெட்டிய எடுத்து மாட்டு. அது கூட வரும்," என்று குவைத்திலிருந்து அப்பா தொலைபேசியில் கூறினார்.

கைப்பேசியிலேயே வழி பார்க்கலாமே என்று தோழியர் கேட்கக்கூடும். உண்மைதான், இன்று பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கைப்பேசியின் வரைபடத்தை முன்கூட்டியே சேமித்து வைக்காவிட்டால் அதற்குக் கோபுரத்தின் தொடர்பு வேண்டும். மலைச்சரிவுகளில் அது விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். மேலும் அம்மாவின் கைப்பேசியில் உறவினரும் அப்பாவும் மாறி மாறி அழைத்துக் கொண்டே இருப்பார்கள். எங்கள் பெட்டிக்கோ யாரும் பேசவேண்டியதில்லை. நாடு முழுவதின் வரைபடமும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வானத்திலிருந்து வருவதைக் கேட்டுக் கொண்டால் மட்டும் போதும்.

வானத்திலிருந்து என்ன வருகிறது? நேரம் வருகிறது! பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்று அவை ஓயாமல் வானொலி அலையில் சொல்லிக் கொண்டிருக்கின்றன. மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என எண்ணி, இடி கேட்கும் நேரத்தைக் கொண்டு மழை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நம் பெரியோர் கணிப்பார்கள் அல்லவா? பெட்டியும் அதையே செய்கிறது. அலை வந்துசேர எடுத்துக் கொண்ட நேரத்தைக் கொண்டு செயற்கைக்கோளின் தூரத்தைக் கணக்கிடுகிறது. இப்படி நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி அந்தக் கடிகாரங்கள் நம் கடிகாரங்களைவிடச் சற்று வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் சுமார் 11 கிலோமீட்டர் பிழை சேரும். உத்தமபாளையத்தில் நிற்கும் வண்டியைக் கம்பத்தில் நிற்பதாகக் காட்டும்!

அமெரிக்க இராணுவம் 1973-இல் தொடங்கிய திட்டம் இது. முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏறியது. 1995-இல் அமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே துல்லியம் குறைத்துத் தந்த வழக்கத்தை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தினார்கள். அதன் பிறகே கார்களில் இது பெருகியது. நம் இந்தியாவும் 2013-இல் தொடங்கி இதற்கெனத் தனிச் செயற்கைக்கோள்களை ஏவியது. 2016-இல் அந்த அமைப்புக்கு 'நாவிக்' என்று பெயரிடப்பட்டது. மாலுமி என்று பொருள். 

இதில் பெண்களாகிய நாம் பெருமை கொள்ளவேண்டிய பெயர் ஒன்று உண்டு. வர்ஜீனியாவில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் 1930-இல் பிறந்த கிளாடிஸ் வெஸ்ட் என்ற கறுப்பினப் பெண்மணி, 1956-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் கணிதராகச் சேர்ந்தார். பூமி சரியான உருண்டை அன்று. அங்கங்கே மேடும் பள்ளமும் கொண்டது. அதன் உண்மையான வடிவத்தைக் கணக்கிட்டுத் தந்தவர்களுள் அவர் முக்கியமானவர். அந்தக் கணக்கு இல்லையேல் இந்தப் பெட்டி இல்லை. பருத்தியும் புகையிலையும் விளைந்த மண்ணில் வளர்ந்த ஒரு பெண்ணின் கணக்கு, திராட்சையும் வாழையும் விளையும் எங்கள் மண்ணில் ஒரு தாய்க்கு வழி காட்டுகிறது. இதை எண்ணும்போது கணக்குப் பாடத்தின்மேல் எனக்கிருந்த அச்சம் சற்றே குறைகிறது.

முதல் திங்கட்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். அம்மாவின் கைகள் சக்கரத்தை இறுகப் பற்றியிருந்தன. பெட்டியைப் பார்த்துச் சொல்லுவது என் வேலை. பின்னிருக்கையில் அப்பத்தா செபமாலையுடன் அமர்ந்தார். அவருக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது. சின்னமனூருக்கு ஒரு செபமாலை, தேனிக்கு மூன்று, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு ஐந்து என்பது அவர் அளவு. பெட்டி சொன்ன தூரத்துக்கும் அப்பத்தாவின் செபமாலைக்கும் பெரும்பாலும் ஒத்துப் போனது!

பெட்டியின் குரலுக்கு நம் ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. உத்தமபாளையம் அதற்கு 'உட்டாமா பலாயம்', ஆண்டிபட்டி 'ஆன்டிப்பாட்டி'. "அது யாருடி அந்தப் பாட்டி?" என்று அப்பத்தா கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார். அன்று அம்மா சிரித்தது அப்போதுதான். கைகளின் இறுக்கமும் அப்போதே தளர்ந்தது. அன்று முதல் அப்பத்தா அக்குரலுக்குப் 'பெட்டிக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்.

பெட்டிக்காரிக்குத் தெரியாதவையும் நிறைய உண்டு. 2012-க்குப் பின் போட்ட புறவழிச்சாலைகளை அவள் அறியாள். அவற்றில் ஏறியதும் எங்கள் கார் சாலையே இல்லாத வெற்று வெளியில் நீந்துவதாகக் காட்டுவாள். "ரீகால்குலேட்டிங்" என்று புலம்புவாள். ஊரின் பெயரைக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். நம் பள்ளத்தாக்கில் ஒரு கூடலூர்; நீலகிரியில் ஒரு கூடலூர். இங்கே ஒரு கம்பம். ஆந்திராவில் ஒரு கம்பம். அந்த நீலகிரிக் கூடலூரில்தான் 2024 ஜனவரியில், கைப்பேசி காட்டிய வழியை நம்பிச் சென்ற ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக் கொண்டது என்று செய்தித்தாள்களில் வந்தது. 

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கூட்டத்துக்காகக் காவலர்கள் வண்டிகளை உப்புக்கோட்டை வழியாகத் திருப்பிவிட்டார்கள். அதுவும் பெட்டிக்காரிக்குத் தெரியவில்லை. அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்தது. "உப்புக்கோட்டை வழிதானே? கல்யாணமான புதுசுல மாட்டு வண்டியில போன வழி. பயப்படாம விடு, தாயி," என்றார். பெட்டிக்கு வழிகள் தெரியும். அப்பத்தாவுக்கு ஊர்கள் தெரியும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமையை நான் மறக்க இயலாது. மருத்துவமனையில் எங்கள் முறை வரத் தாமதமாகி, மதுரையை விட்டுப் புறப்படும்போது இரவு ஏழு மணிக்கு மேலாகிவிட்டது. செக்கானூரணி தாண்டியதும் மழை பிடித்துக் கொண்டது. உசிலம்பட்டிக்குப் பிறகு மின்விளக்கு எதுவும் தெரியவில்லை. கைப்பேசியில் தொடர்பு இல்லை. அப்பத்தா சோர்வுற்றுப் படுத்துவிட்டார். கண்ணாடியில் வழிந்த நீருக்கு நடுவே அந்த ஊதாக் கோடு ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது. "அடுத்து வலப்பக்கம் வளைவு, அம்மா. இன்னும் நானூறு மீட்டர்," என்று நான் சொல்லச் சொல்ல, அம்மா மெல்ல மெல்ல ஓட்டினார்.

கணவாயை நெருங்கும்போது முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஒரு புளியமரத்தின் பெரிய கிளை சாலையின் குறுக்கே விழுந்து கிடந்தது. பெட்டிக்காரி மட்டும் நேரே போகும்படி அமைதியாகச் சொல்லிக் கொண்டிருந்தாள். அப்போது அம்மா காரின் கண்ணாடியை இறக்கி, மழையில் தலையை நீட்டி, பக்கத்தில் நின்ற அரசுப் பேருந்தின் ஓட்டுநரைக் கூப்பிட்டார். 

"அண்ணே, வண்டியில முடியாதவங்க இருக்காங்க. வேற வழி இருக்கா?"

"இருக்கும்மா. ஊருக்குள்ள ஒரு ரோடு போகுது. என் பின்னாடியே வாங்க. ஆண்டிபட்டி வரைக்கும் விட மாட்டேன்."

அந்தப் பேருந்தின் இரண்டு சிவப்பு விளக்குகளைப் பார்த்துக் கொண்டே நாங்கள் ஆண்டிபட்டி வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நாங்கள் வருகிறோமா என்று பார்த்தே திருப்பினார். அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. இறைவன் அவரையும் அவர் குடும்பத்தையும் காப்பாராக.

அன்றிரவு படுக்கையில் நான் எண்ணிப் பார்த்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்பு என்றால் அம்மா அந்தக் கண்ணாடியை இறக்கியிருக்கமாட்டார். முன்பின் தெரியாத ஊரில், இருட்டில், ஒருவரிடம் உதவி கேட்கும் துணிவு அவரிடம் அப்போது இல்லை. நான்கைந்து முறை யாரையும் கேளாமல் தாமே போய்வந்த பிறகு அந்தத் துணிவு வந்துவிட்டது. யாரையும் கேட்கவேண்டாம் என்பதற்காகச் செய்யப்பட்ட பெட்டி, கேட்கும் தைரியத்தை அம்மாவுக்குத் தந்திருக்கிறது!

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை. நான் வழக்கம்போல் பெட்டியை மாட்டப் போனேன். "வேண்டாம் பாப்பா, உள்ள வச்சிரு. இன்னைக்கு நானே ஓட்டிப் பாக்குறேன்," என்றார் அம்மா. சின்னமனூர் வந்ததும் பின்னாலிருந்து அப்பத்தா கேட்டார்: "எங்க, அந்தப் பெட்டிக்காரி இன்னைக்கு வரலையா?" "அவளுக்கு லீவு விட்டாச்சு, அத்தை," என்றார் அம்மா. அன்று மதுரை வரை ஒரு திருப்பம்கூடத் தவறவில்லை.

அப்பத்தாவின் சிகிச்சை முடிந்துவிட்டது. கட்டி சுருங்கியிருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும் என்றிருக்கிறார்கள். அம்மாவே அழைத்துச் செல்கிறார். பெட்டி காரின் முன் அறையில் இருக்கிறது. புதிதாக ஓர் ஊருக்குப் போகும்போது மட்டும் வெளியே வருகிறது.

அன்புத் தோழியரே! கீழ்த்திசையிலிருந்து புறப்பட்ட மூன்று இராசாக்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு வானத்தில் ஒரு விண்மீன் வழி காட்டியது. ஆயினும் எருசலேம் வந்தபோது, குழந்தை எங்கே பிறந்திருக்கிறது என்று மனிதர்களிடம் கேட்கவே செய்தார்கள். பாலகனைக் கண்டு வணங்கியபின் வந்த வழியே போகாமல் வேறு வழியாய்த் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். மேலே இருந்து வரும் வழிகாட்டலும் வேண்டும். பக்கத்தில் நிற்கும் மனிதரிடம் கேட்கும் பணிவும் வேண்டும். தேவைப்படும்போது புது வழியில் செல்லும் துணிவும் வேண்டும். நாளை நாமும் இந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டித் தெரியாத ஊர்களுக்குப் போகப் போகிறவர்களே. அப்போது எந்தக் கருவி நம் கையில் இருந்தாலும், வாயும் நம்மிடம் இருக்கிறது என்பதை மறவாதிருப்போம். 

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு