துப்பறியும் சாம்புவும் ஒட்டிக்கொள்ளும் பெயர்களும்

அண்டை வீட்டு விவகாரத்தை யாரேனும் அளவுக்கு மீறி ஆராய்ந்தால், "பெரிய துப்பறியும் சாம்பு என்று நினைப்போ?" என்று கேட்பது நம் பக்கத்தில் வழக்கம். திண்டிவனத்தில் நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளும் இதைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்துகொள்கிறார்கள். அந்தச் சாம்பு யாரென்று ஒருநாள் கேட்டோம். ஒருவன் சினிமா நகைச்சுவை நடிகர் என்றான். இன்னொருவன் பழைய காலத்துப் போலீஸ்காரர் என்றான். ஆளை அறியாமலே அவர் பெயரைத் திட்டாகப் பயன்படுத்தும் அளவுக்கு அந்தப் பெயர் நம் மொழியில் ஊறிவிட்டது.

சாம்பு கதைமாந்தர். அவரைப் படைத்தவர் தேவன் என்ற புனைபெயரில் எழுதிய ஆர். மகாதேவன். 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஆனந்த விகடனில் கல்கிக்குக் கீழ் பணியாற்றி, கல்கி விலகிய பின்னர் அப்பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, 1957இல் தம் 43ஆம் வயதில் மறையும் வரை அங்கேயே எழுதிக்கொண்டிருந்தவர். 1940களில் விகடனில் தொடராக வந்த சாம்பு கதைகள் மொத்தம் 50. முதலில் ராஜு படம் வரைந்தார்; பின்னர் கோபுலுவின் கைவண்ணத்தில் சித்திரத் தொடராகவும் வந்தது. காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்ததை நம் வயதினர் பலர் நினைவு வைத்திருப்பர்.

சாம்பு வங்கி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். நீண்ட மூக்கு, திருதிருவென்ற விழி. அசடு என்று ஊரும் அலுவலகமும் முடிவு கட்டிவிட்ட ஆசாமி. வேலையும் போய்விடுகிறது. எப்படியோ ஒரு குற்றம் அவர் கைபட்டுத் தற்செயலாகத் துலங்கிவிட, துப்பறிவாளர் என்ற புதுப்பெயர் வந்து சேர்கிறது. அதன்பின் நடப்பவைதான் கதைகள். பயந்து ஓடினால் திருடன்மேல் முட்டிக்கொள்வார். உளறினால் அந்த உளறலே குற்றவாளியைக் கலங்கடிக்கும். உடனிருக்கும் இன்ஸ்பெக்டர் கோபாலன் வாயார வியந்து நிற்பார். வேம்பு என்ற கெட்டிக்கார மனைவியும் வாய்க்கிறாள்.

முதல் வாசிப்பில் நாமும் மற்றவர்களைப் போலத் தற்செயல்களுக்காகவே சிரித்தோம். மறுமுறை வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. சாம்பு முதல் கதையிலிருந்து கடைசிக் கதைவரை ஏறக்குறைய அதே மனிதர். அதே விழிப்பு, அதே திணறல். வங்கியில் மேலதிகாரி முன்னால் விழித்தால் அது அசட்டுத்தனம். கோபாலன் முன்னால் விழித்தால் அது ஆழ்ந்த யோசனை. விழி மாறவில்லை, பார்க்கிறவர்கள் மாறிவிட்டார்கள். பெயர் ஏறிவிட்ட பிறகு அந்த மனிதரே "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று சொன்னால் கூட அதுவும் ஒரு யுக்தி என்றுதான் கொள்ளப்படும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஐம்பது கதைகளில் எப்போதாவது அவர் தம் மூளையாலேயே உண்மையைத் தொட்டுவிடுகிறார் என்று நமக்குத் தோன்றும் இடங்கள் உள்ளன. ஆனால் வாசகராகிய நாமும் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோமே! அசடு என்று எண்ணிய வாசகர் அதையும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடுகிறார். மேதை என்று எண்ணிய கோபாலன் அதைப் பத்தோடு பதினொன்றாக்கிவிடுகிறார். உண்மையாகவே உழைத்துப் பெற்ற ஒரே வெற்றியை யாரும் கவனிப்பதில்லை.

மேலைநாட்டுத் திரைப்படங்களில் க்ளூஸோ என்றொரு அசட்டு இன்ஸ்பெக்டர் உண்டு. பீட்டர் செல்லர்ஸ் நடித்தது. முதற்படம் வந்தது 1963இல். நம் சாம்பு அதற்கு இருபது ஆண்டுகள் மூத்தவர். க்ளூஸோவுக்குத் தாம் அசடு என்பதே தெரியாது. தலை நிமிர்ந்து நடப்பார். சாம்புவிடம் உள்ள கூச்சம் அவரிடம் கிடையாது. நமக்குச் சாம்புவையே பிடித்திருக்கிறது. ஊர்ப்பாசம் என்றாலும் சரி.

நாம் குடியிருப்பது விழுப்புரத்தில். பிற்பகல் பாசஞ்சர் வண்டியில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டித் திண்டிவனம் சேர்வோம். 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். இரண்டு கதைகள் வாசிக்க அந்த நேரம் போதும். "ஹஜ்ரத் கையில் கதைப் புத்தகமா?" என்று வண்டியில் ஒரு பெரியவர் உரிமையோடு கேட்டார். கேட்டதில் தவறில்லை. துப்பறியும் கதை என்பதே பிறரைச் சந்தேகிப்பதும் வேவு பார்ப்பதும் அல்லவா, அதை மார்க்கம் தடுத்திருக்கிறதே என்பது அவருடைய கவலை. நாம் சொன்ன விடை: பிறர் குறையைத் தோண்டித் துருவுவது தடுக்கப்பட்டது, ஆனால் நேர்ந்துவிட்ட குற்றத்தில் தடயத்தை நிறுத்துப் பார்ப்பதற்கு நம் வேதத்திலேயே பாடம் இருக்கிறது.

யூசுஃப் அத்தியாயத்தைப் பாருங்கள். முதலில் ஒரு சட்டை வருகிறது, பொய் இரத்தம் பூசப்பட்டு (12:18). ஓநாய் தின்ற பிள்ளையின் சட்டை கிழியாமல் இருப்பது எப்படி என்று தந்தை யஃகூப் (அலை) அவர்கள் ஐயுற்றதாக விரிவுரையாளர்கள் எழுதுவர். அடுத்து இன்னொரு சட்டை. அது முன்பக்கம் கிழிந்ததா பின்பக்கம் கிழிந்ததா என்ற ஒரே கேள்வியில் நிரபராதி யாரென்று தெரிந்துவிடுகிறது (12:26-28). கடைசியில் தம்பியின் சாமானுக்குள்ளிருந்து எடுக்கப்படும் அரசரின் குவளை (12:70-76). அங்கே பொருள் பையிலேயே கிடைக்கிறது. ஆயினும் அந்தத் தம்பி திருடவில்லை. பொய்த் தடயம், மெய்த் தடயம், வேண்டுமென்றே வைக்கப்பட்ட தடயம் ஆகிய மூன்றும் ஒரே அத்தியாயத்தில். பையில் கிடைத்துவிட்டது, ஆகவே அவன்தான் என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். பெரியவர் மயிலத்தில் இறங்கும்போது, புத்தகத்தின் பெயரைக் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

இதையெல்லாம் எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. எந்த மதரஸா என்பது வேண்டாம். ஆண்டு விழாவுக்காக வசூலான 8,600 ரூபாய் ஒரு கவரில் இருந்தது. அஸருக்குப் பின் அலுவலறையில் இருந்த கவர் மஃரிபுக்குப் பின் காணவில்லை. இடைப்பட்ட நேரத்தில் வருகைப் பதிவேட்டை எடுத்துவர அறைக்குள் சென்றவன் பதினோரு வயதுப் பையன் ஒருவன். மறுநாள் அவன் கையில் புது கிரிக்கெட் பந்து. போதாதா? அன்று மாலைக்குள் ஜமாஅத்தில் பத்துப் பன்னிரண்டு துப்பறிவாளர்கள் உருவாகிவிட்டார்கள். அவன் நேற்று நிமிர்ந்து பார்க்கவில்லை என்றார் ஒருவர். அவன் எப்போதும் நிமிர்ந்து பார்க்காத பையன்தான். அதுவரை அது அடக்கம் எனப்பட்டது. பந்து அவனுடைய மாமா வாங்கித் தந்தது என்று தாய் சொன்னபோது, சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார்கள் என்றனர். "ஹஜ்ரத், நீங்கள் பிரம்பை எடுத்து அதட்டினால் கக்கிவிடுவான்" என்றும் கேட்டுப் பார்த்தனர். நாம் இணங்கவில்லை. ஆனால் வேறு பெரியவர்கள் அவனை மூன்று முறை தனியே அழைத்துக் கேட்டார்கள். மூன்று முறையும் அவன் ஒரே விடையைச் சொன்னான். மாறாமல் சொல்வதே மனப்பாடம் செய்ததற்கு அடையாளம் என்றார் இன்னொருவர்.

நான்காம் நாள் மோதினார் அலுவலறையைப் பெருக்க வந்தார். மூலையில் சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளத்தை வெளியே கொண்டுபோய் உதறினார். கவர் கீழே விழுந்தது. மேசை இழுப்பறையின் பூட்டு சரியில்லை என்று, கணக்குப் பார்த்தவரே அன்றைக்கு அதை ஜமுக்காளத்துக்குள் செருகிவிட்டுத் தொழுகைக்குச் சென்றிருக்கிறார். பிறகு அந்த நினைவே அவருக்கு வரவில்லை. வயதானவர், அவர்மீது யாரும் ஐயம் கொள்ளவில்லை, கொள்ளவும் வேண்டியதில்லை.

சாம்பு கதையின் கடைசிப் பக்கம் அப்படியே எழுந்து வந்ததுபோல் இருந்தது. மோதினாரைச் சூழ்ந்துகொண்டார்கள். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" "முன்னமே உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்குமே!" ஒருவர் அவர் கையில் நூறு ரூபாய் வைத்தார். மோதினார் அந்தத் தாளைத் திருப்பித் தந்துவிட்டு, "நான் என்னத்தைக் கண்டுபிடித்தேன் அத்தா? தூசி இருந்தது, உதறினேன்" என்றார். செய்யாத காரியத்துக்காகப் புகழப்படுவதை விரும்புவோரைப் பற்றித் திருக்குர்ஆன் கடுமையாக எச்சரிக்கிறது (3:188). அந்த வசனத்தை நாம் பல ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறோம். ஒரு மனிதர் அதைத் துடைப்பமும் கையுமாக நின்று செய்து காட்டியதை அன்றுதான் பார்த்தோம். இத்தனைக்கும் நூறு ரூபாய் அவருக்குப் பெரிய தொகை.

பையன் மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

இங்கேதான் கதைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளி தெரிகிறது. தேவன் இரக்கமுள்ள எழுத்தாளர். சாம்புவின் தவறான ஊகம் எந்த அப்பாவியையும் சிறைக்கு அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்; இருட்டில் எறிந்த கல் குற்றவாளியின் தலையிலேயே போய் விழும். அந்த உறுதி இருப்பதால்தான் நம்மால் சிரிக்க முடிகிறது. குற்றத்தின் கனம் அவர் அறியாததன்று. ஸ்ரீமான் சுதர்சனம் என்ற நாவலில், குடும்பச் செலவின் நெருக்கடியில் அலுவலகப் பணத்தில் கைவைத்துவிடும் ஒரு குமாஸ்தாவின் மனநடுக்கத்தை அவரே எழுதியிருக்கிறார். சாம்புவை மட்டும் படித்துவிட்டுத் தேவனை வேடிக்கை எழுத்தாளர் என்று ஒதுக்குவதும் ஒரு பெயர் ஒட்டுதல்தான். அவர் எழுத்துகளில் பெரும்பாலானவை அவர் மறைவுக்குப் பின்னரே நூலாயின.

ஊராரின் எறிகல்லுக்கோ அப்படியொரு உறுதியும் இல்லை. சந்தேகம் தவறென்று தெரிந்த பிறகு எல்லாரும் மோதினாரைப் புகழ்ந்தார்களே தவிர, பையன் வீட்டுக்கு யார் போவது என்ற பேச்சு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. "பணம்தான் கிடைத்துவிட்டதே" என்றார்கள். பணம் கிடைத்தது உண்மை. அந்தப் பிள்ளையின் பெயர் கிடைத்ததா? ஹுஜுராத் அத்தியாயத்தில் செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற கட்டளையும் (49:6), பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்பதும் (49:11), ஊகத்தைத் தவிர்த்துத் துருவாதிருங்கள் என்பதும் (49:12) ஒரே பக்கத்துக்குள் அடுத்தடுத்து வருவதை அன்றிரவு நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். திருவள்ளுவரும் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். அரசனுக்கே அந்தக் கட்டுப்பாடு. தெருமுனையில் நின்று தீர்ப்புச் சொல்லும் நமக்கு?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், கவரை மறந்தவரும் முத்தவல்லியும் நாமும் அவன் வீட்டுக்குச் சென்றோம். அந்த முதியவர் பையனின் தந்தையிடம் பேசத் தொடங்கி, முடிக்க முடியாமல் கண்கலங்கிவிட்டார். தந்தை லாரி ஓட்டுபவர். "விடுங்கள் பெரியத்தா" என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தார். தாய் மட்டும் எதுவும் பேசவில்லை. தேநீர் வந்தது. பையன் கதவுக்குப் பின்னால் நின்றான்.

எழும்போது கைப்பையில் இருந்த சாம்பு முதல் பாகத்தை அவனிடம் கொடுத்தோம். வேறு எதைக் கொடுப்பதென்று அப்போது தோன்றவில்லை. முத்தவல்லிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறோம்.

மேலும் ஒரு வாரம் சென்றே அவன் ஓத வந்தான். வழக்கமான இடத்தை விட்டு வாசலருகே உட்கார்ந்தான். யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பாடம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு புத்தகத்தைக் கொண்டுவந்தான். நடுவில் ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தான்.

"ஹஜ்ரத், இந்தக் கதையில் மட்டும் சாம்பு தானாகவே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் யாருமே அதைச் சொல்லவில்லை."

வாங்கிப் பார்த்தோம். அவன் சொன்னது சரியா என்று இன்னொரு முறை வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் பாகம் விழுப்புரத்தில் வீட்டில் இருக்கிறது, நாளை எடுத்து வருகிறோம் என்றோம்.