வெயிலில் போன மூன்று மணி நேரம்

ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அப்பகுதியின் வாய்மொழிக் காப்பியத்தை ஆராயச் சென்ற முனைவர் பட்ட மாணவி ஒருவர் இதை நன்கு அறிந்திருந்தார். தமக்கென்று தொப்பி, தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் எல்லாம் எடுத்துச் சென்றார். கைபேசிக்கும் நிழல் வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பாபூஜியின் கதையைப் பாடும் போபாக்கள், இருட்டியபின் 'பட்' எனும் நீண்ட ஓவியத் திரையை விரித்து, ராவணஹத்தா இசைத்துப் பாடுவார்கள். உடன் பாடும் மனைவி விளக்கேந்தி, கதை நிகழும் இடத்தை ஓவியத்தில் காட்டுவார். முதிய இணையர் ஒருவர் அவ்வாறு பாடிய மூன்று மணி நேரத்தை மாணவி கைபேசியில் பதிவு செய்தார். படியெடுப்பதை, களைப்பினால், மறுநாளுக்குத் தள்ளினார்.

மறுநாள் நண்பகலில் அக்கைபேசி ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வழிகாட்டிக்கொண்டும், மின்னேற்றம் பெற்றுக்கொண்டும் இருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உணவுக்குச் சென்றவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, திரையில் வெப்ப எச்சரிக்கை தெரிந்தது. சற்றைக்கெல்லாம் அது அணைந்தது. பதறிய மாணவி, தண்ணீர்ப் புட்டிகள் இருந்த தெர்மாகோல் பெட்டியில், பனிக்கட்டிகளின் நடுவே அதை வைத்தார். வெயில் செய்ததைவிடப் பெரிய கேட்டை இந்த அவசரம் செய்தது.

ஜோத்பூரில் பழுதுபார்ப்பவர் திறந்து காட்டினார்: மின்கலம் உப்பியிருந்தது; மின்னேற்றத் துளை வழியே புகுந்த நீர் மின்சுற்றுப் பலகையைக் கெடுத்திருந்தது. இன்றைய கைபேசிகளில் தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், பலகை உயிர்பெறாமல் அவற்றை மீட்பது ஏறக்குறைய இயலாது.

லித்தியம்-அயனி மின்கலத்தினுள் விரும்பத்தகாத வேதிவினைகள் எப்போதும் மெல்ல நடந்துகொண்டேயிருக்கும். வெப்பம் அவற்றை விரைவுபடுத்தும். முழு மின்னேற்றமும் சேர்ந்தால் சிதைவு இன்னும் கூடும். அதில் உண்டாகும் வாயுவே மின்கலத்தை உப்பச் செய்கிறது. இழந்த கொள்ளளவு திரும்புவதில்லை. ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் 0 முதல் 35 டிகிரி வரை என்றும், அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரியைத் தாண்டலாகாது என்றும் ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. வெயிலில் நிற்கும் மூடிய வண்டி இவ்வெல்லையை எளிதில் கடந்துவிடும்.

அதன்பின் மாணவியின் வழக்கங்கள் மாறின. பயணத்தில் கருவிகள் வெளிர்நிறத் துணிப்பையில், இருக்கைக்கு அடியில் நிழலில் இருக்கும். வண்டியை விட்டு இறங்கினால் அவையும் உடன் இறங்கும். சூடேறினால் மின்னேற்றத்தைத் துண்டித்து, உறையைக் கழற்றி, அணைத்து, நிழலில் காற்றுபட வைப்பார். பனிக்கட்டியின் பக்கம் போவதில்லை. மின்னேற்றம் அதிகாலையில், அதுவும் 80 விழுக்காடு வரை மட்டுமே. விடுதியில் மடிக்கணினியை மெத்தைமீது வைப்பதில்லை. மெத்தை காற்றுத் துளைகளை அடைத்துவிடும். மின்வெட்டுக்குப்பின் மின்சாரம் வந்ததும் செருகாமல், அது நிலைபெறச் சில நிமிடங்கள் காத்திருப்பார். உப்பிய மின்கலத்தை அழுத்துவதோ துளைப்பதோ தீ விபத்தில் முடியலாம் என்பதையும் உடன் வருவோருக்குச் சொல்லிவைப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு செய்த இரவே இரண்டு படிகள் எடுத்து, தனித்தனிப் பைகளில் வைத்துவிடுகிறார். கருவியை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம்.

நடந்ததை அம்முதியவரிடம் சொல்ல மாணவி மீண்டும் சென்றார். அவர் கடிந்துகொள்ளவில்லை. நைந்துபோன பட்டைப் புஷ்கர் ஏரிக்குக் கொண்டுசென்று, சடங்குடன் நீரில் விடுவார்கள். அதைக் 'குளிரச் செய்தல்' என்பார்கள். "நீங்கள் உங்களுடையதைச் சூட்டோடு போகவிட்டீர்கள், மகளே" என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் மறுபடியும் பாடினார். இம்முறை விளக்கேந்தி நின்றவர் அவருடைய மருமகள். விடிவதற்குள் மாணவி இரண்டு படிகளையும் எடுத்து முடித்தார். முந்தைய பதிவில் இருந்த அந்த இரண்டாவது குரல் அவற்றில் இல்லை.