ஒன்றுக்கு நாற்பத்துநான்கு

மரத்தில் ஒரு ரயில் இயந்திர மாதிரிக்குக் கொதிகலன் செய்ய வேண்டுமென்றால் ஒரு நல்ல தடியை எடுத்து உருளையாகக் கடைந்துவிட்டால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் கடைசிக் காம்பராவை ஒட்டிய தகரக்கூரைப் பட்டறையில் நான் அதைச் சொன்னதும், தச்சு பாஸ் மூலையில் கிடந்த ஒரு கட்டையைக் காலால் என் பக்கம் உருட்டிவிட்டார். அழகாகக் கடைந்த முழுத்தடி. நடுவிலிருந்து விளிம்பு வரை விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

"கடைஞ்சப்ப ஒரு கீறல் இல்ல சேர். தை மாசத்துக் காஞ்ச குளிர்ல தானா வாயத் தொறந்துருச்சு."

மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையங்களின் போக்கில் அதிகம், மையத்தை நோக்கிக் குறைவு. மையத்தோடு சேர்ந்த முழுத்தடி எங்காவது வெடித்தே தீரும். மாதக்கணக்கில் மூடுபனியும் மழையுமாக இருந்துவிட்டுத் திடீரென்று வறண்ட குளிருக்கு மாறும் இந்த மலையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆகவே இரண்டாவது கொதிகலனைப் பதினாறு மெல்லிய மகோகனிப் பட்டிகளாக அறுத்து, ஒவ்வொரு பட்டியின் இரு ஓரங்களையும் பதினொன்றேகால் பாகை சாய்வில் சீவி, வட்டமாகக் கூட்டி ஒட்டுகிறார்கள். முப்பத்திரண்டு ஓரங்கள். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிசகினாலும் கடைசிப் பட்டி வந்து சேருமிடத்தில் பதினாறு பாகை இடைவெளி விழும். அதில் பசையைத் திணித்து மறைக்கலாம், பாஸ் மறைப்பதில்லை. பிரித்துப் போட்டு மறுபடி சீவுகிறார்.

அவர் தோட்டத்துத் தச்சர். கதவு, ஜன்னல், நிலை, சாவு விழுந்த வீட்டுக்குப் பெட்டி ஆகியவைதான் அவருடைய அன்றாடம். ஒரு பாடசாலை நூலகத்துக்குக் காட்சிக்கு வைக்க ஒரு கரிக்கோச்சி மாதிரி வேண்டும் என்று ஆசிரியர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும். மாலைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்கென்று ஆகிவிட்டன.

அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பது பி1 வகை இயந்திரம். முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் ஆறு பெரிய சக்கரங்கள், பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் பெட்டி. இலங்கையில் ஓட்டத்துக்குத் தக்க நிலையில் பேணப்பட்ட சில நீராவி இயந்திரங்களில் இந்த வகையைச் சேர்ந்த 251ஆம் எண்ணும் உண்டு. அளவு அடிக்கு ஓர் அங்குலம். நம் அகலப்பாதையின் ஐந்தரை அடி, பட்டறையில் ஐந்தரை அங்குலமாகிவிடுகிறது. பாஸிடம் இருக்கும் மடக்கு அளவுகோலில் அங்குலம் இருக்கிறது, ஆகவே கணக்குத் தேவையில்லை. படங்களைப் பார்த்து வடிவம் பிடித்தார்கள். படத்தில் பிடிபடாத படிக்கட்டின் கனம், மோதுதாங்கியின் தண்டு, கைப்பிடிக் கம்பியின் பருமன் போன்றவற்றை, 2014இல் திறந்த கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கு நிற்கும் பழைய இயந்திரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அறிந்துகொண்டார்கள்.

மரம் எல்லாம் மலையிலேயே கிடைத்தவை என்று எழுத எனக்கு ஆசை. அப்படியில்லை. மகோகனி, கண்டித் தளபாடக் கடையொன்றின் கழிவுத் துண்டுகள். சுற்றிலும் நிற்கும் கிராண்டிஸ் மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும் என்பதால் அடிச்சட்டத்துக்கு அதைத் தொடவில்லை. ஆனால் புகைபோக்கியும், கொதிகலன் முதுகில் இருக்கும் நீராவிக் குமிழும் தேயிலை மரத்தில் கடைந்தவை. மீள்நடுகைக்காகப் பிடுங்கிய பழைய செடிகளின் அடிக்கட்டைகள் அடுப்புக்குத்தான் போகும். அவற்றிலிருந்து நெருக்கமான ரேகையும் நல்ல கெட்டியும் உள்ளவற்றை ஒதுக்கி, நிழலில் நெடுநாள் உலர்த்தியிருக்கிறார். கவ்வாத்துக் கத்தி காலமெல்லாம் வெட்டிவெட்டி முடிச்சு விழுந்த கட்டை அது. கடையும்போது உளி துள்ளும். முடிச்சு விழாத ஒரு சாண் நீளம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தறையாணி வரிசைகள் மருமகளின் வேலை. பித்தளைக் குண்டூசியின் தலையை மட்டும் விட்டு மீதியை நறுக்கி, முன்பே துளைத்த ஓட்டையில் ஒவ்வொன்றாக இறக்குகிறார். பகலில் மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பவர். கொழுந்து எடுத்துப் பழகிய விரல்களுக்கு இது எளிதாயிருக்குமோ என்று கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. அங்க வேகம். இங்க அவசரப்பட்டா மரம் பொளந்துரும். மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா அந்தப் பலகைய எடுத்து வெளிய வச்சிருவாரு."

நான் போயிருந்த நேரத்தில் பட்டறையே கூடி நின்று விவாதித்த விஷயம் சக்கரங்கள். வலப்பக்கத்துச் சக்கரங்களில் தண்டு மாட்டும் முளை எங்கே நிற்கிறதோ, இடப்பக்கத்திலும் அதே இடத்தில் பட்டறைப் பையன் பொருத்தியிருந்தான். பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. நாவலப்பிட்டி ஷெட்டில் இளவயதில் கிளீனராக இருந்த பெரியவர் ஒருவர் தேநீர் குடிக்க வந்தவர், குனிந்து ஒரு பக்கம் பார்த்தார், சுற்றிவந்து மறுபக்கம் பார்த்தார்.

"இந்த எஞ்சின் நின்ன எடத்த விட்டு நகராதுப்பா."

"நகர வேணாம் தாத்தா, இது ஷோவுக்குத்தானே" என்றான் பையன்.

"நிக்கிறதுக்கும் மொற இருக்கு."

அவர் விளக்கினார். இரண்டு பக்கத்து முளைகளும் காற்சுற்று முன்பின்னாக நிற்க வேண்டும். ஒரு பக்கத்துத் தண்டு நேர்கோட்டில் நீண்டு, தள்ள வழியில்லாமல் செத்து நிற்கும் கணத்தில், மறுபக்கத்துத் தண்டு முழுப்பலத்தோடு தள்ளும் நிலையில் இருக்கும். அதனால்தான் எந்த இடத்தில் நின்றாலும் வண்டியைத் திரும்பக் கிளப்ப முடிகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் புகைபோக்கி நான்கு முறை மூச்சு விடுவதும் அதனால்தான். பெரியவர் வாயாலேயே அந்த நான்கு மூச்சையும் விட்டுக் காட்டினார், மூன்றாவதில் கொஞ்சம் இழுவை வைத்து. ஒட்டிய பசையைச் சூடுகாட்டி இளக்கி இடப்பக்கத்துச் சக்கரங்களைக் கழற்ற அன்று மாலை முழுவதும் போயிற்று. காட்சிப்பொருள்தானே என்று விட்டிருந்தால் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் எவருக்கும் தெரிந்திராது. ஆனால் ஓடாத இயந்திரத்துக்குத் தன்னை நிரூபிக்க வேறு வழியே இல்லை. அது நிற்கும் நிலையில் மட்டும்தான் உண்மையாக இருக்க முடியும். அந்தப் பெரியவரின் பிடிவாதத்தின் பக்கமே நான் நிற்கிறேன்.

இந்தப் பாதையைப் பற்றிப் பேசாமல் இந்த மாதிரியைப் பற்றிப் பேச முடியாது. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் ஓடியது. கோப்பிக்காகத் திட்டமிட்ட பாதை 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் எட்டியது. 1884இல் ஹட்டனுக்கும் மறு ஆண்டு நானுஓயாவுக்கும் அது ஏறிவந்தபோது இலைநோயால் கோப்பி அழிந்து, மலை தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தது. பட்டிப்பொலைக்கருகே 6,200 அடிக்கு மேல் ஏறி, பதுளையில் போய் முடிய 1924 ஆயிற்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன இரண்டரை அடி அகலச் சிறுபாதை இன்னொரு கதை. 1903இலும் 1904இலும் திறந்த அது 1948இல் மூடப்பட்டுவிட்டது.

அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. கொட்டகலையிலும் ஹட்டனிலும் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்தவர்களின் உறவினர்கள் இன்னும் இந்த லயங்களில் இருக்கிறார்கள். ரயில் என்றால் இங்கே வெறும் சுற்றுலாப் படமாக இருக்க முடியாது.

பெயர்ப்பலகை குறித்து எழுந்த வாக்குவாதத்துக்கும் அதுவே காரணம். 251ஆம் எண் இயந்திரத்தின் பெயர் சேர் தோமஸ் மைட்லண்ட், ஒரு பிரித்தானிய ஆளுநர். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே, இலங்கை ரயில்பாதையின் மிக நீண்ட சுரங்கம் சிங்கமலையைக் குடைந்து போகிறது, அரைக் கிலோமீட்டருக்கு மேல். பாறை உடைத்த, மண் சுமந்த தென்னிந்தியக் கூலிகளின் பெயர் எந்த இயந்திரத்திலும் இல்லை. ஆளுநர் பெயரை எடுத்துவிட்டு 'சிங்கமலை' என்று எழுதலாம் என்றான் பையன். எனக்கும் முதலில் அது பிடித்திருந்தது. பாஸ் ஒப்பவில்லை.

"இருந்தத இருந்த மாதிரி செய்வோம் தம்பி. நம்ம பேரு எஞ்சின்ல இல்ல, கீழ இருக்கு."

கீழே என்றால் அடிப்பலகை. வழக்கமாக மாதிரிகளின் அடியில் ஒரு மெருகேற்றிய பலகை இருக்கும், அவ்வளவுதான். இவர் அதில் ஒரு பாதையையே கட்டுகிறார். தேயிலைக் கட்டையில் அறுத்த சிலிப்பர் கட்டைகள், சலித்தெடுத்த கருங்கல் ஜல்லி, ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு, அதில் உளித்தடம் தெரியும் பாறை. எவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்கப் போகாத அந்தப் பாறைக்கு அவர் கொதிகலனுக்குச் செலவிட்ட நேரத்தைச் செலவிடுகிறார். மைட்லண்டின் பெயர் 251இல் இருந்தது உண்மை; அதை அழித்தால் மாதிரி பொய்யாகும். பாதையை வெட்டியவர்கள் பாதையில்தான் இருந்தார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு நிலத்தைச் செதுக்கும் அவருடைய முடிவே சரியென்று இப்போது நினைக்கிறேன்.

நிலமும் மட்டமாக இருக்கக் கூடாது. மலைப்பாதையின் கடும் ஏற்றம் ஒன்றுக்கு நாற்பத்துநான்கு: நாற்பத்துநான்கு அடி போனால் ஓரடி உயரும். பலகையின் நீளம் 132 சென்டிமீட்டர், ஆகவே ஒரு முனை மூன்று சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கு அது அநேகமாகத் தெரியாது. கை தெரிந்துகொண்டது. சக்கரம் பொருத்திய அடிச்சட்டத்தை அந்தச் சரிவில் வைத்துப் பையன் விட்டதும் அது மெல்லப் பின்னோக்கி உருண்டது, மூன்று பேர் பாய்ந்து பிடித்தோம்.

சக்கரங்களை ஒட்டிவிடலாம் என்றார் ஒருவர். பெரியவர் வேண்டாம் என்றார். ஷெட்டில் செய்வதுபோலச் சக்கரத்தடியில் மரமுட்டு வைக்கச் சொன்னார், பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பிள்ளைகள் முட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற கவலை மருமகளுக்கு. கூடவே நான்கு முட்டு அதிகமாகச் செய்து நூலகரிடம் கொடுத்துவைப்பதாக ஏற்பாடு. எஞ்சிய தேயிலைக் கட்டையில் பாஸ் அவற்றுக்கு அளவு போட ஆரம்பித்தார். கரிப்பெட்டியின் பின்பக்க ஏணிக்கு எத்தனை படி என்று சரியாகத் தெரியவில்லை, அடுத்த முறை கடுகண்ணாவைப் பக்கம் போனால் எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று என்னிடம் சொன்னார்.