பூரணை நாளிற் பூட்டிய கதவு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது எமது பல் வைத்திய நிலையம். வைத்தியர் எமது இல்லாள். கணக்கும் கதவுத் திறப்பும் எம் பொறுப்பு. பெயர்ப்பலகை ஒன்றே போதுமென்று நெடுங்காலம் நம்பியிருந்தோம்.

சென்ற பூரணை விடுமுறையன்று, கூகிள் வரைபடத்தில் ‘திறந்திருக்கிறது’ எனக் கண்டு, கன்னம் வீங்கிய மகனுடன் தெகிவளையிலிருந்து வந்த தாயொருவர் பூட்டிய கதவின் முன் நின்றாராம். அயலார் மறுநாள் சொல்லியே அறிந்தோம். பிழை எம்முடையதே. விடுமுறை நேரத்தைத் தனியே குறிக்க அங்கே வசதியுண்டு. நாம் அதைத் தொட்டதேயில்லை. தொலைபேசி எண்ணுங்கூடப் பழையது!

அன்றிரவே தமக்கையின் மகனை அருகிருத்தித் திருத்தத் தொடங்கினோம். அயலிலுள்ள நிலையங்களை வரிசைப்படுத்தக் கூகிள் முக்கியமாக மூன்றைப் பார்க்கிறது: தேடுவதற்குப் பொருத்தம், தூரம், பிரபல்யம். தூரத்துக்கு நாம் என் செய்வோம்? கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கவா முடியும்? ‘மருத்துவ நிலையம்’ என்று பொதுவாகக் கிடந்த வகையைப் ‘பல் வைத்தியம்’ என மாற்றினோம். நேரத்தையும் எண்ணையும் திருத்தினோம்.

பிரபல்யத்துக்குப் பிள்ளை ஒரு வழி சொன்னான்: ஐந்து நட்சத்திரம் இடுவோர்க்குக் கட்டணத்திற் கழிவு. கூகிளின் விதி அதனைத் தடுக்கிறது. அதற்கு முன்னரே இல்லாள் தடுத்துவிட்டார்.

“நம்பி வாய் திறப்பவரிடம் வாய்ச்சொல்லை விலை பேசுவதா?”

கருத்துகளைப் புரட்டியபோது புதிதாக ஒற்றை நட்சத்திரமொன்று கிடந்தது. அந்தத் தாய்தான். மன்னிப்புக் கேட்டு, புதிய எண்ணையும் கீழே எழுதினோம். மகனின் பல் என்னாயிற்றென்று இன்னும் தெரியவில்லை.